நிலத்தை ஒத்தி வைத்து மகனை வெளிநாடு அனுப்பலாமா?

தென்காசி மாவட்டம் ராயகிரியிலிருந்து இந்த இதழுக்கு இரண்டு கேள்விகள் வந்திருக்கின்றன. எழுதியவர்கள் வெவ்வேறு விவசாயிகள். ஒருவர் ஆள் கிடைக்காமல் தவிப்பவர். இன்னொருவர் மகனை அனுப்பலாமா வேண்டாமா என்று தவிப்பவர். இரண்டு கேள்விக்கும் வேர் ஒன்று என்பதால் பதிலும் சேர்த்தே தரப்படுகிறது.

கேள்வி 1: ‘குளத்துப் பாசனத்தில் நெல்லும் கிணற்றுப் பாசனத்தில் எலுமிச்சையுமாக ஆறு ஏக்கர் விவசாயம். நடவுக்கும் களைக்கும் ஆள் கிடைப்பதில்லை. கூலியைக் கூட்டிக் கொடுத்தும் இளவட்டங்கள் சவூதி, துபாய், சிங்கப்பூர் என்று போய்க்கொண்டே இருக்கிறார்கள். உள்ளூரில் வேலை இருக்கும்போது ஏன் போகிறார்கள்?’

கேள்வி 2: ‘ஒன்றரை ஏக்கர் நிலம்தான் சொத்து. ஐ.டி.ஐ. முடித்த மகன் சவூதிக்குப் போகத் துடிக்கிறான். ஏஜென்ட் 1,50,000 ரூபாய் கேட்கிறார். நிலத்தை ஒத்தி வைத்தோ வட்டிக்கு வாங்கியோ அனுப்பலாமா?’

ஆள் இல்லை என்பதும் உண்மை, வேலை இல்லை என்பதும் உண்மை

ஆள் கிடைக்காத பேச்சு எழுந்தால் பல ஊர்களில் முதலில் நூறு நாள் வேலையைத்தான் குறை சொல்வார்கள். ராயகிரிக்கு அந்தக் காரணம் அவ்வளவாகப் பொருந்தாது. 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த வேலை கிராம ஊராட்சிகளுக்காக வந்தது. ராயகிரியோ பேரூராட்சி. ஆக, காரணத்தை வேறு இடத்தில்தான் தேட வேண்டும்.

நெல் அறுவடை இயந்திரம் வந்ததும், பத்துப் பேர் பல நாள் அறுத்த வயல் சில மணி நேரத்தில் முடிகிறது. களைக்கொல்லி வந்ததும் களையெடுப்பு குறைந்தது. சொட்டுநீர் போட்ட தோட்டத்தில் தண்ணீர் கட்ட ஆள் வேண்டாம். இவை எல்லாம் விவசாயிக்கு நல்லதுதான். ஆனால், ஒவ்வொன்றும் கூலித் தொழிலாளியின் ஆண்டுக் கணக்கிலிருந்து சில நாள்களை எடுத்துவிட்டது. மிச்சம் இருக்கும் வேலையும் ஆண்டு முழுக்கப் பரவி இல்லை. வடகிழக்குப் பருவமழை பெய்து குளம் பெருகியதும் எல்லோரும் ஒரே வாரத்தில் நாற்று நடுகிறார்கள். எல்லோருக்கும் ஒரே வாரத்தில் களை முளைக்கிறது.

அதனால், விவசாயி ஆள் தேடி அலையும் பத்து நாளும் உண்மை. அதே தொழிலாளி வேலை தேடி அலையும் ஐந்து மாதமும் உண்மை. விவசாயிக்கு அந்தப் பத்து நாள்தான் கண்ணில் படுகிறது. தொழிலாளியின் வீட்டில் அந்த ஐந்து மாதம்தான் வயிற்றில் படுகிறது.

ஒரு பேச்சுக்கு, ஒருவருக்கு நாள் கூலி 600 ரூபாய், ஆண்டுக்கு 150 நாள் வேலை என்று வைத்துக்கொண்டால் வரவு 90,000 ரூபாய். கூலியை 700 ஆகக் கூட்டினால் 1,05,000. கூடுவது 15,000 ரூபாய். கூலியைக் கூட்டாமல் வேலை நாளை 200 ஆக்கினால் 1,20,000. கூடுவது 30,000 ரூபாய். ‘கூலியைக் கூட்டிக் கொடுத்தும் போகிறார்கள்’ என்ற முதல் கேள்விக்குப் பாதிப் பதில் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. அவர்கள் முதலில் பார்ப்பது நாள் கூலியை அல்ல, ஆண்டில் எத்தனை நாள் என்பதைத்தான்.

சில்லறையாக வரும் பணம், மொத்தமாக வேண்டிய செலவு

மீதிப் பாதிப் பதில் வேறொன்று. தினக்கூலி தினமும் வருகிறது, தினமும் கரைகிறது. அரிசி, மளிகை, சுயஉதவிக்குழுத் தவணை, பிள்ளைக்குப் பேருந்துக் காசு என்று போய்விடும். ஆனால், ஒரு குடும்பத்தின் பெரிய செலவுகள் சில்லறையாக வருவதில்லை. மகள் கல்யாணம், ஓட்டு வீட்டை மாற்றித் தளம் போடுவது, ஆஸ்பத்திரிச் செலவு, பழைய கடன் என எல்லாம் மொத்தமாக வந்து நிற்கும். உள்ளூர்க் கூலியை இருபது ஆண்டு சேர்த்தாலும் அந்த மொத்தம் கையில் சேராது. வெளிநாட்டில் இரண்டு ஆண்டு இருந்தால் சேரும் என்ற நம்பிக்கைதான் ஆளைக் கிளப்புகிறது. கண்காணாத தூரத்தில் இருப்பதால், நாள்தோறும் வரும் சின்னச் செலவுகள் அந்தச் சம்பளத்தில் கை வைக்க முடியாது. வெளிநாட்டுச் சம்பளம் ஒரு வகையில் கட்டாயச் சேமிப்பு.

இதற்குப் பக்கத்து வீட்டின் பங்கும் உண்டு. தெருவில் ஒரு வீட்டுக்குத் தளம் விழுந்தால், மற்ற வீடுகள் முன்பு இருந்த அதே நிலையிலேயே ஏழையாகிவிடுகின்றன. ஓடேட் ஸ்டார்க், எட்வர்ட் டெய்லர் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் மெக்சிகோவின் மிச்சோவகான் மாநிலக் கிராமங்களை ஆராய்ந்து, 1989இல் இதைக் கணக்காகவே காட்டினார்கள். சொந்தக் கிராமத்து மற்ற வீடுகளோடு ஒப்பிட்டுத் தாங்கள் பின்தங்கிவிட்டதாக இருந்த குடும்பங்களே அமெரிக்காவுக்கு ஆள் அனுப்ப அதிகம் முனைந்தன. வறுமை மட்டும் ஆளை ஊரைவிட்டுக் கிளப்புவதில்லை. ஒப்பீடும் கிளப்புகிறது. வழிச் செலவுக்கு வழியே இல்லாத பரம ஏழை வெளிநாடு போவதும் அரிது. கடனாவது கிடைக்கக்கூடியவர்தான் போகிறார்.

விவசாயிகள் வெளிப்படையாகப் பேசாத இன்னொரு காரணம், கூப்பிடும் விதம். ஐம்பது வயது ஆளைப் பேர் சொல்லிக்கூடக் கூப்பிடாமல் ‘ஏலே’ என்று ஏவும் பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. எந்தத் தெருக்காரர் என்று பார்த்து டம்ளரை எடுக்கும் நினைவும் பல குடும்பங்களில் ஆறவில்லை. வெளிநாட்டில் வேலை கடுமைதான். மேற்பார்வையாளர் திட்டவும் செய்வார். ஆனால், ஹெல்மெட்டில் பேர் இருக்கும். யாரும் தெருவைக் கேட்க மாட்டார்கள். இதைக் கூலிக் கணக்கில் எழுத முடியாது. ஆனால், போகிறவன் மனதில் இது எழுதப்பட்டிருக்கும்.

குடும்பத்தின் பயிர்க் காப்பீடு

இனி இரண்டாவது கேள்விக்காரரின் வீட்டுக்கு வரலாம். கொஞ்சமேனும் நிலம் இருக்கும் வீட்டிலிருந்து ஏன் ஆள் போகிறது?

மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் ராயகிரி, சிவகிரி, வாசுதேவநல்லூர் வட்டார விவசாயத்தின் நிலை இங்கே உள்ளவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மழை பெய்தால் குளம், குளம் பெருகினால் நெல். மலைமேல் உடைந்து கிடக்கும் செண்பகவல்லி அணையைச் சீரமைத்துத் தண்ணீரைக் கொண்டுவர வேண்டும் என்று இந்த வட்டார விவசாயிகள் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். விளைந்ததைக் காட்டுப்பன்றி உழுகிறது, யானை தென்னையைச் சாய்க்கிறது. கரும்பு வெட்டி அனுப்பிவிட்டுப் பணத்துக்குப் போராடிய அனுபவமும் உண்டு. எலுமிச்சை, புளியங்குடிச் சந்தையில் கோடையில் ஏறும், மழைக்காலத்தில் பறிகூலிக்கும் கட்டாமல் சரியும். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது வருமானம் குறைவு என்பதை மட்டும் சொல்வதல்ல. அடுத்த ஆண்டு என்ன வரும் என்று தெரியாது என்பதையும் சேர்த்தே சொல்கிறது.

தெரியாத வானத்தோடு விளையாடும் விவசாயி என்ன செய்வார்? ஒரே பயிரை நம்ப மாட்டார். தென்னைக்குள் ஊடுபயிர் போடுவார், வரப்பில் துவரை ஊன்றுவார், இரண்டு ஆடு வளர்ப்பார். ஒன்று போனால் ஒன்று காப்பாற்றும். குடும்பத்து ஆள்களையும் விவசாயி இப்படித்தான் பிரித்து வைக்கிறார். மூத்தவன் நிலத்தில், இளையவன் திருப்பூரில், அடுத்தவன் சவூதியில். மூன்று இடத்திலும் ஒரே நாளில் மழை பொய்க்காது.

ஓடேட் ஸ்டார்க்கும் டேவிட் புளூமும் 1985இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் சாரமும் இதுதான். வேலைக்காக வெளியே போவது தனி ஆள் எடுக்கும் முடிவல்ல, குடும்பம் கூடி எடுக்கும் முடிவு. நோக்கம் அதிகச் சம்பளம் மட்டுமல்ல, நட்டத்தைப் பங்குபோடுவது. பயிர்க் காப்பீடும் எளிய கடனும் ஒழுங்காகக் கிடைக்காத ஊரில், தூரத்தில் இருக்கும் பிள்ளையே காப்பீடு.

இந்தியாவிலேயே இதற்குச் சான்று உண்டு. ஹைதராபாத் அருகே உள்ள இக்ரிசாட் எனும் பன்னாட்டு மானாவாரிப் பயிர் ஆராய்ச்சி நிலையம், 1970களின் நடுவிலிருந்து இந்தியாவின் வறண்ட கிராமங்களில் வீடு வீடாக ஆண்டுக்கணக்கில் கணக்கெடுத்தது. அந்தக் கணக்கை வைத்து மார்க் ரோசன்ஸ்வீக்கும் ஸ்டார்க்கும் 1989இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வருமானம் அதிகம் ஏறி இறங்கும் குடும்பங்கள் பெண்களைத் தூரத்து ஊர்களில் கட்டிக்கொடுத்திருந்தன. அப்படிச் சம்பந்தம் வைத்திருந்த வீடுகளில், மழை பொய்த்த ஆண்டிலும் சாப்பாட்டுச் செலவு அவ்வளவாகக் குறையவில்லை. காரணம், இங்கே மழை பெய்யாதபோது சம்பந்தி ஊரில் பெய்திருக்கும். வேறு மழை பெய்யும் ஊரில் ஓர் உறவு வேண்டும் என்ற பழைய கணக்குத்தான் இன்று கடல் தாண்டிப் போயிருக்கிறது.

தமிழ்நாட்டில் 2015இல் நடந்த புலம்பெயர்வுக் கணக்கெடுப்பு, சுமார் 22 லட்சம் பேர் வெளிநாட்டில் இருப்பதாகச் சொன்னது. சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம், சவூதி ஆகியவை முதல் மூன்று இடங்களில் இருந்தன. இத்தனை லட்சம் குடும்பங்கள் மோகத்தால் மட்டும் முடிவெடுத்திருக்க முடியாது. மகனின் ஆசையை ‘அக்கரைக்கு இக்கரை பச்சை’ என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அதில் விவசாயப் புத்தி இருக்கிறது.

காப்பீடு எப்போது சூதாட்டம் ஆகிறது?

ஆனால், இதே புத்தி இன்னொன்றையும் சொல்கிறது. மாட்டை விற்றுக் காப்பீட்டுக்குப் பணம் கட்டிவிட்டால், காப்பாற்ற மாடு எங்கே இருக்கும்? நிலம் ஒரு கால், வெளிநாட்டுச் சம்பளம் இன்னொரு கால். நிலத்தை ஒத்தி வைத்து அந்தப் பணத்தில் மகனை அனுப்பினால், இரண்டு காலும் ஒரே இடத்தில்தான் நிற்கும். விசாவில் சொன்ன வேலை அங்கே இல்லை என்றாலோ, மூன்றாம் மாதம் நிறுவனம் மூடினாலோ, உடம்புக்கு முடியாமல் திரும்பினாலோ, வந்து நிற்க வயல் இருக்காது. ஒத்திக்காரர் உழுதுகொண்டிருப்பார். நிலத்தில் மரப்பயிர் இருந்தால் இன்னும் மோசம். இரண்டு கோடை தண்ணீரும் எருவும் பார்க்காமல் விட்ட எலுமிச்சை, நிலம் திரும்பிய ஆண்டே காய்க்காது.

வட்டிக் கடனின் கணக்கையும் பார்த்துவிடலாம். மகன் சாப்பாடு, தங்கல் போக மாதம் 12,000 ரூபாய் அனுப்புகிறான், ஒப்பந்தம் 24 மாதம் என்று வைத்துக்கொள்வோம்.

*வழி ஒன்று:* 1,50,000 ரூபாய், 3 வட்டிக்கு. முதல் மாதம் வட்டி மட்டும் 4,500. அனுப்பும் 12,000 முழுவதையும் கடனுக்கே கட்டினாலும் கடன் தீர 16 மாதம் ஆகும். மிச்சம் 8 மாதம். இரண்டு ஆண்டு முடிவில் குடும்பத்தின் கையில் சுமார் 97,000 ரூபாய்.

*வழி இரண்டு:* சட்டப்படியான கட்டணம், மருத்துவப் பரிசோதனை எல்லாம் சேர்த்து 50,000 ரூபாய். நகையை வைத்து, நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டியில் வாங்கியது. கடன் 5ஆம் மாதத்தில் தீர்ந்துவிடும். இரண்டு ஆண்டு முடிவில் கையில் சுமார் 2,36,000 ரூபாய்.

ஆள் ஒருவன்தான், சம்பளமும் வெயிலும் ஒன்றுதான். வித்தியாசம் ஏறத்தாழ 1,40,000 ரூபாய். வெளிநாடு போவது லாபமா நட்டமா என்பது பெரும்பாலும் அங்கே வாங்கும் சம்பளத்தில் முடிவாவதில்லை. இங்கே வாங்கும் கடனில் முடிவாகிவிடுகிறது.

முன்பணத்தில் சிக்குவது தென் மாவட்டங்களுக்குப் புதிதும் அல்ல. 19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும், காப்பியை இலைத்துரு நோய் அழித்த பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும், திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் பகுதிகளிலிருந்து கூட்டம் கூட்டமாக ஆள் போனது. கங்காணி முன்பணம் கொடுத்துக் கூட்டிப் போவார். அந்தக் கடன் ‘துண்டு’ எனும் சீட்டில் ஏறும். தோட்டம் மாறினால் ஆளோடு சேர்ந்து துண்டும் மாறும். உழைத்தாலும் கடன் தீராத இந்தத் துண்டு முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. சாதாரணத் தொழிலாளர் மலேயாவுக்குப் போவதை 1938இலும் இலங்கைக்குப் போவதை 1939இலும் அன்றைய இந்திய அரசு நிறுத்தியது. இன்று கங்காணி இல்லை, கப்பலும் இல்லை. ஆனால், கடனோடு கிளம்பும் ஆள் திரும்பிவர முடியாமல் மாட்டிக்கொள்வது மாறவில்லை. ‘பிடிக்கவில்லை, வந்துவிடுகிறேன்’ என்று சொல்ல முடியாதபடி அவனைக் கட்டிப்போடுவது அங்கே இருக்கும் முதலாளி மட்டுமல்ல, இங்கே ஓடும் வட்டியும்தான்.

1,50,000 ரூபாய் எதற்கு?

ஏஜென்டிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். இந்தியச் சட்டப்படி, பதிவு பெற்ற ஏஜென்ட் ஒரு தொழிலாளியிடம் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. 18 சதவிகித ஜி.எஸ்.டி. சேர்த்தால் 35,400 ரூபாய். அதற்கு ரசீது தர வேண்டும். சவூதித் தொழிலாளர் சட்டத்தின் 40ஆம் பிரிவு, ஆளை வரவழைக்கும் கட்டணம், ‘இகாமா’ எனும் வசிப்பு அனுமதி, வேலை அனுமதி ஆகியவற்றின் செலவு முதலாளியுடையது என்கிறது. அப்படியானால், மீதி லட்சத்துக்கும் மேல் யாருக்குப் போகிறது? பெரும்பாலும் இடையில் நிற்கும் உள்ளூர்த் தரகர்களின் கைகளுக்கு. ஊர்க்காரர், சொந்தக்காரர் என்ற நம்பிக்கைக்குக் கொடுக்கும் விலை அது.

பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை:

1. பதிவு எண்: ஏஜென்டின் பதிவு எண்ணைக் கேட்டு, மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் சரிபார்க்க வேண்டும். உரிமம் முடிந்தவர், முடக்கப்பட்டவர் பட்டியலும் அதில் கிடைக்கும். தமிழ்நாடு அரசுக்குச் சொந்தமான அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையில் இயங்குகிறது. அங்கேயும் பதிவு செய்து வைக்கலாம்.

2. விசா வகை: ‘முதலில் சுற்றுலா விசாவில் போய்விடு, அங்கே மாற்றிக்கொள்ளலாம்’ என்றால் அந்த இடத்திலேயே எழுந்துவிட வேண்டும். வேலை விசா இல்லாமல் வேலை செய்தால், சம்பளம் தராவிட்டாலும் புகார் கொடுக்கவே பயப்பட வேண்டியிருக்கும்.

3. வேலையின் பெயர்: ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியனுக்கு எலக்ட்ரீஷியன் விசாதானா, அல்லது தோட்ட வேலை, வீட்டு ஓட்டுநர், ஆடு மேய்ப்பு என்று இருக்கிறதா? சவூதி 2021 மார்ச்சில் கொண்டுவந்த சீர்திருத்தம், சில நிபந்தனைகளோடு வேலை மாறவும் நாடு திரும்பவும் தொழிலாளிக்கு வழி கொடுத்தது. ஆனால், வீட்டு வேலைக்காரர், வீட்டு ஓட்டுநர், மேய்ப்பர், தோட்ட வேலை செய்பவர் ஆகியோருக்கு அது பொருந்தவில்லை. விசாவில் ஒரு சொல் மாறினால் உரிமையும் மாறிவிடும்.

4. பாஸ்போர்ட்: பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெற வேண்டும். இது தொல்லை அல்ல, பாதுகாப்பு. ஒப்பந்தத்தை அரசு ஒருமுறை பார்க்கிறது என்று அர்த்தம். ஐ.டி.ஐ. முடித்த மகனுக்கு இந்த அனுமதி தேவைப்படாமல் போகலாம். அப்போது ஒப்பந்தத்தைப் பார்க்கும் பொறுப்பு முழுவதும் குடும்பத்துடையது.

5. காப்பீடு: பிரவாசி பாரதிய பீமா யோஜனா எனும் காப்பீடு, விபத்தில் உயிரிழந்தாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம் ரூபாய் தருகிறது. இரண்டு ஆண்டுக்குப் பிரீமியம் 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய். 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பு தீப்பிடித்து, 40க்கும் மேற்பட்ட இந்தியர்கள் இறந்தார்கள். அவர்களில் 7 பேர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். பாலிசி எண் வீட்டிலும் இருக்க வேண்டும், மகனின் கைப்பையில் மட்டும் இருந்தால் போதாது.

6. நகல்கள்: ஒப்பந்தம், விசா, பாஸ்போர்ட், ரசீது என எல்லாவற்றுக்கும் ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும். சந்தேகம் கேட்கவோ புகார் சொல்லவோ தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் உதவி எண் 1800 309 3793. மத்திய அரசின் உதவி எண் 1800 11 3090.

ஒத்தி தவிர வேறு வழியே இல்லை என்றால்

முதலில் நகைக்கடன், பிறகு உறவுக் கைமாற்று, அதன் பிறகே நிலம் என்ற வரிசை நல்லது. நிலம்தான் என்றால் முழு ஒன்றரை ஏக்கரையும் வைக்காமல் ஒரு பகுதியை மட்டும் வைக்கலாம். கிணறும் பம்புசெட்டும் இருக்கும் துண்டைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒத்திப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து, தொகையையும் மீட்கும் காலத்தையும் அதில் எழுத வேண்டும். ‘நம்பிக்கைக்காகத்தான்’ என்று சொல்லிக் கடனுக்கு ஈடாகக் கிரயப் பத்திரம் கேட்டால், எவ்வளவு அவசரமானாலும் கையெழுத்துப் போடக் கூடாது. ஒத்தி நிலத்தை மீட்கலாம், கிரயம் கொடுத்த நிலத்துக்கு வழக்குத்தான் மிஞ்சும். வெற்றுக் காசோலை, வெற்று முத்திரைத்தாளும் அப்படித்தான். அநியாய வட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. ஆனால், வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டவருக்குச் சட்டம் உதவுவது கடினம்.

இன்னொரு வழி, ஓர் ஆண்டு பொறுப்பது. ஐ.டி.ஐ. சான்றிதழோடு சென்னையிலோ கோவையிலோ ஓர் ஆண்டு அதே தொழிலில் வேலை பார்த்த அனுபவச் சான்று இருந்தால், நேரடியாகத் தொழில் தேர்வு வைத்து ஆள் எடுக்கும் நிறுவனங்களில் முயற்சி செய்யலாம். வழிச் செலவில் ஒரு பகுதியையும் அந்தச் சம்பளத்திலேயே சேர்த்துவிடலாம். இன்று இருபது வயது பையனுக்கு ஓர் ஆண்டு பெரிதல்ல. மூன்று வட்டியில் ஓர் ஆண்டு பெரிது.

ஆள் வேண்டும் விவசாயிக்கு

முதல் கேள்விக்காரருக்கும் செய்வதற்குச் சில உண்டு. ஆறு ஏக்கர்க்காரர் ஒருவரால் ஒரு தொழிலாளிக்கு ஆண்டு முழுக்க வேலை தர முடியாது. பக்கத்துத் தோட்டக்காரர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்தால் முடியும். நாற்றங்காலை ஒரே நாளில் விடாமல் ஏழு, எட்டு நாள் இடைவெளி விட்டு மாற்றி மாற்றி விட்டால் நடவும் களையும் வரிசையாக வரும். குளத்துத் தண்ணீர் எத்தனை நாள் நிற்கும் என்பதைப் பார்த்தே இந்த இடைவெளியை முடிவு செய்ய வேண்டும். எலுமிச்சைக்குக் கவாத்து, பாத்தி எடுப்பு, எரு வைப்பு ஆகியவற்றை நெல் வேலை இல்லாத மாதங்களுக்குத் தள்ளலாம். இப்படி ஐந்து தோட்டத்து வேலையையும் ஒரு காலண்டரில் எழுதி, எட்டுப் பத்துப் பேருக்கு ‘ஆண்டுக்கு இத்தனை நாள் உறுதி’ என்று சொல்ல முடிந்தால், அது கூலி உயர்வைவிடப் பெரிய வாக்குறுதி.

கூலியை வாரம் தவறாமல் கொடுக்க வேண்டும். அவசரத்துக்கு முன்பணம் கொடுத்தால், அதைக் கழிக்கும் கணக்கு இருவர் கையிலும் எழுத்தில் இருக்க வேண்டும். கடனைக் காட்டி ஆளை நிறுத்தி வைப்பது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். நிலமற்ற தொழிலாளர்களும் குறு விவசாயிகளும் முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் உறுப்பினராகலாம். பிள்ளைகளின் படிப்பு, கல்யாணம், விபத்து ஆகியவற்றுக்கு உதவி உண்டு. கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு நடை கூட்டிப்போய் விண்ணப்பம் போட உதவுவதும் ஆளைத் தக்கவைக்கும் வழிதான். பேர் சொல்லி, மரியாதையாகக் கூப்பிடுவதற்குச் செலவே இல்லை.

இவ்வளவு செய்தாலும் சிலர் போகத்தான் செய்வார்கள். போகிறவர் நல்லபடியாகப் போய், கடனில்லாமல் திரும்பினால் அந்தப் பணம் கிணறாகவும் மாடாகவும் ஊருக்குள்தான் வரும். கடனோடு போனவரின் நிலமோ கைமாறிவிடும்.

ஆகவே, இரண்டாவது கேள்விக்கு நேரான பதில்: மகனை அனுப்பலாம். 1,50,000 ரூபாய்க்கு அனுப்ப வேண்டாம். ஒன்றரை ஏக்கரையும் ஒத்தி வைத்து அனுப்பவே வேண்டாம். பத்திரம் எழுதும் நாளுக்கு முன்னால் ஏஜென்டிடம் பதிவு எண்ணையும், தொகை முழுவதற்கும் ரசீதையும் கேட்டுப் பார்க்கட்டும். சரியான ஆள் என்றால் இரண்டும் அன்றே கிடைக்கும். ‘ரசீதெல்லாம் எதுக்கு, நம்பிக்கைதானே’ என்று பதில் வந்தால், நிலம் தப்பித்தது என்று வீடு திரும்பலாம்.